மாமியார் நாற்காலி

பூங்கோதை கனைத்தால் கார்கள் நேராக நிற்கும். சரவணம்பட்டி பொன்னகர் அடுக்ககத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காலையில் நடக்க இறங்குவார். யாராவது ஒருவருடைய வண்டி கோட்டைத் தாண்டி அடுத்தவர் இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பூங்கோதை திட்டமாட்டார். நின்று, பார்த்து, தொண்டையை ஒரு முறை செருமுவார். ‘க்கும்’ என்று கீழே தொடங்கி, கடைசியில் கேள்வி கேட்பதுபோல லேசாக மேலே ஏறும். அவ்வளவுதான். மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் சாவியோடு இறங்கி வருவார். திட்டினால் திருப்பித் திட்டலாம். கனைப்புக்கு என்னத்தைச் சொல்வது?

கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். வந்திருக்கும் நாட்களில் அவரும் நேராகத்தான் நிற்பார் என்று பேச்சு.

உத்தியோகமும் பூங்கோதைக்கு அதுவேதான். அரசாங்கத்தில் விமானப் பாதுகாப்பு ஆய்வாளர். விமானங்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கூடவே போய்ப் பார்க்கிற வேலை. அவரும் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர்தான், ஆகவே பூச்சாண்டி காட்ட முடியாது. விமானி அறையில் முன்னால் இரண்டு இருக்கைகள் இருக்கும். பின்னால் சுவரோடு மடக்கி வைக்கிற மூன்றாவது நாற்காலி ஒன்று உண்டு. ஆய்வாளர் வந்தால் அதை விரித்துப் போட்டு உட்காருவார். விமானிகள் அதற்கு மாமியார் நாற்காலி என்று பெயர் வைத்திருந்தார்கள். பூங்கோதைக்கு இது தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோவை விமான நிலையத்தில் பூங்கோதைக்குத் தெரியாமல் டீ கூட ஆறாது.

இப்போது அந்த நிலையத்தில் எல்லோருடைய பேச்சும் பறக்கும் மினிபஸ்ஸைப் பற்றித்தான். நீலமுகில் என்கிற கம்பெனி ஓட்டுவது. மின்சாரத்தில் ஓடும் சின்ன விமானம், பதினான்கு பேர் ஏறலாம், கோவையிலிருந்து ஊட்டிக்கு ஷேர் ஆட்டோ மாதிரி போய் வந்துகொண்டிருக்கும். இடது இருக்கையில் கேப்டன். வலது இருக்கையில் ஆள் கிடையாது, அங்கே இருப்பது இயந்திர மூளை. கம்பெனி அதற்கு வைத்த பெயர் ‘சாரதி’. விமானிகள் வைத்த பெயர் மாப்பிள்ளை. அடுத்தவன் செலவில் வந்து, முன்னால் உட்கார்ந்து, சகல மரியாதையையும் எதிர்பார்க்கிற ஒன்றை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆனால் மாப்பிள்ளை வேலை தெரிந்தவர். கம்பெனியின் விமானிகள் பத்து வருடமாக மலைக்குப் போய் வந்ததன் பதிவுகளை, கை அசைத்ததிலிருந்து பேசிய பேச்சுவரை, ஒன்று விடாமல் கொடுத்து அதைப் பழக்கியிருந்தார்கள். புறப்படுவது, போவது, இறங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. “இந்த வழி போகலாமா?” என்று அது கேட்கும். கேப்டன் கட்டைவிரலால் ‘சரி’ பொத்தானை அழுத்துவார். அழுத்தியதும் அந்த முடிவு கேப்டன் பெயரில் பதிவாகிவிடும்.

கட்டைவிரல் அழுத்துவதற்கு எதற்கு ஒரு சம்பளம் என்று கம்பெனிக்குத் தோன்றாமல் இருக்குமா? பொங்கலிலிருந்து கேப்டன்களை இறக்கிவிட்டு மாப்பிள்ளையைத் தனியாக ஓட்டவிட அனுமதி கேட்டது. அதற்குப் பூங்கோதையின் கையெழுத்து வேண்டும்.

கம்பெனியிடம் ஒரு நல்ல வாதமும் இருந்தது. ஊட்டியிலிருந்து இறங்க இரண்டு வழி. குன்னூர் தாண்டி பர்லியார் பள்ளத்துக்குள் நேராக இறங்கி வருவது ஒன்று. கோத்தகிரி பக்கமாகச் சுற்றி, அன்னூர் வயல்களுக்கு மேலாக வருவது இன்னொன்று. மதியத்துக்கு மேல் பள்ளத்தில் காற்று புரளும், ஆகவே சுற்றித்தான் வரவேண்டும் என்பது விதி. அவசியமென்றால் கேப்டன் காற்றைப் பார்த்துப் பள்ளத்து வழியே வரலாம் என்று ஒரு விலக்கும் போட்டிருந்தார்கள். விலக்கில்லாத விதியை நம் ஊரில் யார் எழுதியிருக்கிறார்கள்? கம்பெனி என்ன சொன்னது என்றால், மதியத்துக்கு மேல் பள்ளத்தில் இறங்கியது எல்லாமே கேப்டன்கள் பெயரில்தான் இருக்கிறது, அதிலும் தேவசகாயம் என்கிறவர் பெயரில் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. ஆய்வாளர் அம்மா உட்கார்ந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை தானாகவே கோத்தகிரி வழியைத்தான் கேட்டிருக்கிறது. ஆபத்து மனிதனிடம் இருக்கிறது, மனிதனை இறக்குங்கள்.

பூங்கோதைக்கும் அது சரியாகவே பட்டது. சொல்லப்போனால் மாப்பிள்ளையை அவருக்குப் பிடித்திருந்தது. அவர் கனைக்க வாய்ப்பே தராத முதல் விமானி அதுதான். பேனாவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் லிஃப்ட் வாசலில் குப்புராஜ் வந்து நின்றார்.

குப்புராஜ் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதியத் தூக்கத்தை ஒரு விரதம்போலக் கடைப்பிடிப்பவர்.

“ஏனுங் மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே.”

“கேளுங்க. அப்பறம் முடிவு பண்றேன்.”

“மினிபஸ் கம்பெனிக்காரன் உங்களுக்கு ஏதாச்சும் குடுக்கறானுங்களா?”

பூங்கோதை லிஃப்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

“இல்லீங், நான் எதுக்குச் சொல்றேன்னா,” என்று குப்புராஜ் அரை அடி பின்னால் போனார். “சத்தம் சத்தம்னு நான் உங்க ஆபீசுக்குப் புகார் எழுதறேன். நீங்க போய் உக்காந்து பாத்துட்டு, சரியான வழியிலதான் போகுதுன்னு எழுதறீங்க. ஆனா என்ற மண்டை என்ன சொல்லுதுன்னா, நீங்க அந்த ஆபீசுப் பையை மாட்டிட்டுப் போற அன்னிக்கு மட்டும் சத்தம் வர்றதில்ல. அன்னிக்கு நான் பொணமாட்டத் தூங்கறேன். மத்த நாளு, கரெக்டா கண்ணு சொக்கற நேரத்துக்கு தலைக்கு மேல ஙொய்ங்குது.”

“அது கேப்டன்க பண்ற வேலைங்க. பொங்கல் கழிச்சு அவங்க இருக்கமாட்டாங்க.”

“கேப்டனோ கீப்டனோ. நீங்க உக்காந்து பாத்தா எப்படீங்க தெரியும்? என்ற மில்லுல மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தா ஒத்த நூலு அறுந்திருக்காதுங்க. அவுரு அந்தப் பக்கம் திரும்பட்டும், இங்க பாதி மிஷினு நிக்கும். அதுக்காக மேனேஜரு வந்ததாலதான் மில்லு நல்லா ஓடுதுன்னு எழுதிக்க முடியுங்களா?”

லிஃப்ட் வந்தது, திறந்தது, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு மேலே போனது.

பள்ளத்து வழியே இறங்கினால்தான் விமானம் சரவணம்பட்டிக்கு மேலே வரும். கேப்டன்கள்தான் அப்படி இறக்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை கோத்தகிரி வழியைக் கேட்கும்போது, அதை மறுத்து, வழியை மாற்றி, ஒவ்வொன்றாகக் கையால் போடவேண்டும். ஆறு கேப்டன்கள், நாள் தவறாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இத்தனை பாடுபடுவார்களா? தேவசகாயம் மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதுவாகப் போகட்டும் என்று இருக்கிற மனுஷன்.

“குப்புராஜ்,” என்றார் பூங்கோதை. “நாளைக்கு ஊட்டிக்கு வர்றீங்களா?”

“எதுக்குங்க?”

“தூங்காம என்ன நடக்குதுன்னு பாக்கறதுக்கு.”

கோவையில் ஏற முடியாது. காவலாளி முதல் காபிக் கடைக்காரர்வரை எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஆனால் ஊட்டி இறங்குதளத்தில் தானாகத் திறக்கும் கதவு மட்டும்தான், ஆள் கிடையாது. ஆகவே இருவரும் மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸில் மலை ஏறினார்கள். கல்லாறு தாண்டியதும் குப்புராஜ் பேச்சை நிறுத்தினார். பிறகு எலுமிச்சம்பழம் வாங்கினார். பிறகு ஜன்னலோர இருக்கை கேட்டார். அந்தப் பகுதியை இத்தோடு விடலாம்.

ஊட்டியில் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, அடுக்ககம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு மூட்டை காரட் வாங்கினார். ஏறும்போது அந்தக் கதவே மூட்டையை எடைபோட்டுக் கட்டணம் பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒரு புகார் எழுதுவதாகச் சொன்னார்.

பூங்கோதை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விமானி அறைக் கதவு மூடியிருந்தது. வழக்கமாக அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவர். இந்தப் பக்கம் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. பக்கத்து வரிசையில் ஒரு பெண் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தாள். முன்வரிசையில் ஒரு கல்யாணக் கோஷ்டி பூக்கூடையோடு இருந்தது.

குன்னூர் தேயிலைத் தோட்டங்கள் கீழே வந்தன. இந்த இடத்தில் இடது இறக்கை இறங்கவேண்டும், விமானம் கோத்தகிரி பக்கம் திரும்பவேண்டும். பூங்கோதை உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் வெண்ணெய் வழுக்குவது மாதிரி திரும்பியிருக்கிறது.

இறக்கை இறங்கவில்லை, மூக்கு இறங்கியது.

இரண்டு பக்கமும் மலை எழுந்து நின்றது. ஒரு கணம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு கீழே இருந்த காற்றை யாரோ உருவிக்கொண்ட மாதிரி விமானம் பொத்தென்று விழுந்தது. கல்யாணக் கோஷ்டியின் பூக்கூடை கூரையைத் தொட்டு வந்தது. குழந்தை வீரிட்டது. குப்புராஜ் பூங்கோதையின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தது. பாறைச் சுவர் ஜன்னலுக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டு மதில்போல, வந்து போனது. விமானம் நிமிர்ந்தது, நடுங்கியது, மறுபடி நிமிர்ந்து சமவெளிக்கு மேல் வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

சற்று நேரத்தில் கீழே நீல நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று தெரிந்தது.

“நம்ம மொட்டை மாடிங்க,” என்றார் குப்புராஜ், குரல் திரும்பி வந்தவராக. “அதுக்குக் கீழதானுங்க என்ற கட்டிலு.”

இறங்கியபின் விமானி அறைக் கதவு திறந்தது. தேவசகாயம் வெளியே வந்தார். முக்காட்டை எடுத்துவிட்டு நின்ற பூங்கோதையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓடியது பயமில்லை. ரொம்ப நாள் பாரத்தை யாரோ கைமாற்றி வாங்கிக்கொள்ள வந்த மாதிரி ஒரு தளர்வு.

“டீ சாப்பிடலாங்களா மேடம்?” என்றார்.

கேண்டீனில் குப்புராஜை வேறு மேசையில் உட்காரச் சொன்னார்கள். அவர் காது கேட்கிற தூரத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

“பள்ளத்து வழியை நீங்க போட்டீங்களா, அது கேட்டதா?” என்றார் பூங்கோதை.

“அது கேட்டுது. நான் அமுக்கினேன்.”

“தினமுமா?”

“நீங்க இல்லாத அன்னிக்கு எல்லாம். மாட்டேன்னு சொன்னா சுத்திப் போகும், லேட்டாகும். லேட்டானது என் பேர்ல ஏறும். அமுக்கினா பள்ளம் என் பேர்ல ஏறும். எப்படியும் என் பேர்தான்.”

“ஏன் சொல்லல?”

தேவசகாயம் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எப்படிங்க சொல்றது? பள்ளத்துக்குள்ள போகும்போது வலது பக்கப் பாறையை ஒட்டிக்கிட்டு, கடைசி நேரத்துல லேசா மூக்கைத் தூக்குதே, அது யாரோட கைன்னு நெனைக்கறீங்க? என்னோடது. பத்து வருஷமா நான் அப்படித்தான் வந்தேன். நாங்க எல்லாருமே. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போலாம், கம்பெனிக்கும் சந்தோஷம். நீங்க வந்து உக்காந்தா மட்டும் சுத்திப் போவோம். அது அத்தனையும் பாத்துக் கத்துக்கிச்சு. அந்த நாற்காலியில எடை விழுந்தா ஒரு நடத்தை, விழாட்டி இன்னொண்ணு. நல்ல பாதி உங்களால வந்தது மேடம். கெட்ட பாதி எங்களோடது. அதைக் காட்டிக் குடுத்தா என் லைசென்ஸ் போகும். காட்டிக் குடுக்காட்டி வேலை போகும்.”

“நீங்க அப்படி வந்தப்ப ஒண்ணும் ஆகலையே.”

“நான் பயந்தேங்க.” சாதாரணமாகச் சொன்னார். “வயித்துல ஒரு மாதிரி வரும் சில நாள். அன்னிக்குப் பள்ளத்துப் பக்கமே போகமாட்டேன், சுத்திட்டு வந்துருவேன். கை பண்ணினது பதிவுல இருக்கு. வயித்துல வந்தது எதுல இருக்கு? மாப்பிள்ளைக்குத் தைரியம் மட்டும்தான் போய்ச் சேந்திருக்கு.”

பக்கத்து மேசையில் குப்புராஜ் வடையைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூங்கோதை நீலமுகிலின் பொறியாளரை வரச்சொன்னார். ஷிஃபானா என்று பெயர், மாப்பிள்ளையைப் பழக்கிய குழுவின் தலைவி. கெட்டிக்காரி. வரும்போதே பதில்களோடு வந்தாள்.

“வாய்ப்பே இல்ல மேடம். ஆய்வாளர் வந்தா ஒரு மாதிரி, வராட்டி ஒரு மாதிரின்னு நாங்க ஒரு வரி கூட எழுதல.”

“நம்பறேன். நம்ம ஊர்லயும் அதை யாரும் எழுதிக் குடுக்கறதில்ல.”

“அதுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. கேமரா கூட இல்ல உள்ள.”

“என்னைத் தெரிய வேண்டாம்மா. நாற்காலியில விழற எடையைத் தெரியும்.” பூங்கோதை ஜன்னலுக்கு வெளியே காட்டினார். குப்புராஜ் இரண்டு சுமைதூக்குபவர்களை அதட்டிக்கொண்டே காரட் மூட்டையை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூட்டையை மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள். குப்புராஜ் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னார், அது சங்கத்துச் சொத்து. பூங்கோதையும் ஷிஃபானாவும் பயணிகளோடு உட்கார்ந்தார்கள். ஊட்டி போய், மதியத்துக்கு மேல் திரும்பினார்கள்.

குன்னூர் தாண்டியதும் இடது இறக்கை இறங்கியது. வெண்ணெய் வழுக்குவது மாதிரி விமானம் கோத்தகிரி பக்கம் திரும்பியது. அன்னூர் வயல்கள் வந்தன. பஞ்சு வைத்த மாதிரி தரையைத் தொட்டது. ஒரு மூட்டை காரட்டுக்கு அத்தனை மரியாதை.

கீழே இறக்கிய மூட்டையை நோண்டி, ஷிஃபானா ஒரு காரட்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது மேடம்,” என்றாள் கடைசியில். “அதுக்கு ஏமாத்தத் தெரியாது.”

“தெரியாதுதான். நம்மகிட்ட இருந்ததை அப்படியே எடுத்துக்கிச்சு. நானும் பத்து வருஷமா அந்த நாற்காலியில உக்காந்து, விமானம் எப்படிப் பறக்குதுன்னு பாக்கறதா நெனச்சேன். நான் உக்காந்தா எப்படிப் பறக்குதுன்னுதான் பாத்திருக்கேன்.”

சென்னையிலிருந்து மேலதிகாரி ஃபோன் செய்தார். மந்திரி தொடங்கிவைக்கத் தேதி கொடுத்தாயிற்று என்றார். பூங்கோதை கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். ஏழு தடவை நீங்களே நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது மாற்றினால் துறையின் மானம் என்ன ஆவது என்றார் அவர். “மானம் போச்சுன்னா திரும்ப வரும் சார், என் பேரைச் சொல்லிடுங்க,” என்றார் பூங்கோதை. “அந்தக் குழந்தை அப்படி இல்ல.” எந்தக் குழந்தை என்று அவருக்குப் புரியவில்லை. பூங்கோதை விளக்கவும் இல்லை.

ஷிஃபானா ஒரு வழி சொன்னாள். ஆறு விமானங்களிலும் மூன்றாவது நாற்காலியில் நிரந்தரமாக எடை வைத்துவிட்டால் போயிற்று. மாப்பிள்ளை எப்போதும் மாமியார் முன்னால் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். எப்போதும் ஒழுங்காக இருக்கும். புதிதாகப் பழக்க ஒரு வருடம் ஆகும், இது ஒரு மணி நேர வேலை.

“நிக்காதும்மா,” என்றார் பூங்கோதை.

“ஏன் மேடம்? காரட்டுக்கே நின்னுச்சே.”

“ஒரு தடவை நிக்கும். தினமும் ஓடறதுலயும் அது கத்துக்கிட்டே இருக்கில்ல?”

“ஆமா. ஒவ்வொரு பயணத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்.”

“அப்ப மூட்டையையும் கத்துக்கும்.”

மேலதிகாரிக்கு மூட்டை பிடித்துப்போயிற்று. இது நிற்காது என்று கோப்பில் எழுதிவைத்துவிட்டு, சரி, வையுங்கள் என்று விட்டார் பூங்கோதை. ஆனால் ஒரு நிபந்தனையை மட்டும் யார் சொல்லியும் எடுக்கவில்லை: தரையிலுள்ள ஒரு சுயேச்சையான கண்காணிப்பாளர் மூன்று மாதம் தொடர்ந்து திருப்தி தெரிவிக்கும்வரை கேப்டன்கள் இறங்கக்கூடாது. அந்தக் கண்காணிப்பாளர் யார் என்று மேலதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தால், மதியம் கட்டிலில் படுத்திருக்கிற குப்புராஜ் என்று பூங்கோதை சொல்லியிருப்பார். பொய் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பொங்கல் போயிற்று. தை முழுக்க குப்புராஜ் தூங்கினார். மாசியிலும் தூங்கினார், கொஞ்சம் பெருத்தும் போனார். மந்திரிக்குப் புதிய தேதி பார்க்க ஆரம்பித்தார்கள். பங்குனி வெயில் தொடங்கிய ஒரு மதியம் பூங்கோதையின் ஃபோன் அடித்தது.

“மேடம்,” என்றார் குப்புராஜ், லேசாகப் பெருமையோடு. “வந்துருச்சுங்க.”

அந்த வாரத்திலேயே ஆறு விமானங்களும் பள்ளத்துக்குத் திரும்பியிருந்தன, மாமியார் நாற்காலியில் மூட்டை அசையாமல் உட்கார்ந்திருக்க, முன்னால் கேப்டன்களின் கட்டைவிரல் பழையபடி அமுக்க. ஷிஃபானா இரண்டு மாதப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு பூங்கோதையின் வீட்டுக்கே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“முதல்ல கொஞ்சமா முயற்சி பண்ணிப் பாத்திருக்கு மேடம். திருப்பத்தைச் சின்னதாக்கியிருக்கு. ஒண்ணும் நடக்கல. இன்னும் கொஞ்சம். அப்பவும் ஒண்ணும் நடக்கல. பழைய பதிவுல எல்லாம் அந்த நாற்காலியில எடை இருந்தப்ப, தப்புப் பண்ணினா உடனே ஒரு சத்தம் வந்திருக்கு. அதுக்கப்புறம் கேப்டன் உடனே திருத்தியிருக்கார்.” அவள் தயங்கினாள். “உங்க சத்தம்தான். ‘க்கும்’னு.”

“தெரியும். டீ போடட்டுமா?”

“இப்ப எடை இருக்கு, சத்தம் வரலை. அதனால யாரும் இல்லைன்னு முடிவு பண்ணிடுச்சு. அந்தச் சத்தத்தையே ரெக்கார்டு பண்ணி…”

“அதையும் கத்துக்கும்,” என்றார் பூங்கோதை, பாலை அடுப்பில் வைத்துக்கொண்டே. “எல்லாத்துக்கும் கனைக்கற மாமியாரையும் யாரும் மதிக்கறதில்ல. எங்க கனைக்கணும்னு தெரிஞ்ச ஆள் உக்காரணும்.”

“தினமும் அத்தனை பயணத்துலயும் நீங்க உக்கார முடியுமா?”

“நான் எதுக்கு? ஆறு பேர் இருக்காங்களே.”

ஷிஃபானா பதிவுகளிலிருந்து நிமிர்ந்தாள். “கேப்டன்களையா? மேடம், அதைக் கெடுத்ததே அவங்கதானே.”

“அதனாலதான். அந்தப் பள்ளத்துல எங்கெங்க நைசாப் போகலாம்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியாது. முன்னாடி உக்காந்து கட்டைவிரலை அமுக்கறது வேலையா? பின்னாடி என்ற நாற்காலியில, மாமியார் நாற்காலியில உக்காரட்டும். ‘சரி’ பொத்தானையும் பின்னாடி மாத்துங்க. துறையிலிருந்து நியமனம் நான் வாங்கித் தர்றேன். சம்பளத்தை உங்க கம்பெனி கட்டட்டும்.”

சென்னையில் இதற்கு எத்தனை பேர் தலையில் கைவைத்தார்கள் என்பது தனிக் கதை. ஆனால் மூட்டை யோசனையை ஏற்றுக்கொண்டவர் மேலதிகாரி, அது தோற்கும் என்று எழுதிவைத்தவர் பூங்கோதை. ஆகவே இந்த முறை சென்னைப் பக்கம் சத்தம் குறைவாக இருந்தது. பழைய பள்ளத்துப் பயணங்களுக்காகக் கேப்டன்கள் மீது நடவடிக்கை உண்டா என்று ஒரு கேள்வி வந்தது. அவை இயந்திரம் கேட்ட வழிகள், கேட்கப் பழக்கியது கம்பெனி, பழகிய பத்து வருடமும் பார்த்துக்கொண்டிருந்தது நம் துறை, எங்கிருந்து தொடங்கலாம் என்று பூங்கோதை பதில் எழுதினார். அதன்பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

தேவசகாயம்தான் பயந்தார். முதல் நாள் புறப்படுமுன் பூங்கோதையிடம் வந்து நின்றார்.

“மேடம், அது என்னைப் பாத்துத்தான் அந்தப் புத்தியைக் கத்துக்கிச்சு. நான் சொல்லிக் கேக்குங்களா? இவன் யாரு எனக்குச் சொல்றதுக்குன்னு போயிருச்சுன்னா? பின்னாடி பதினாலு பேர் இருப்பாங்க.”

“உங்க வயித்துல இப்ப ஒரு மாதிரி இருக்கா?”

“ஆமாங்க.”

“அதான் வேணும். போய் உக்காருங்க.”

மதியத்துக்கு மேல் பூங்கோதை மொட்டை மாடிக்குப் போனார். கையில் விமானி அறைப் பேச்சைக் கேட்கிற சின்ன ரேடியோ. தண்ணீர்த் தொட்டி நிழலில் குப்புராஜ் ஏற்கனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தூங்கலீங்களா?”

“எங்கீங்க தூங்கறது? வருமா வராதான்னே மண்டை ஓடுது. வந்தாலும் தூக்கம் போச்சு, வராட்டியும் போச்சு.”

ரேடியோவில் இரைச்சல். பிறகு மாப்பிள்ளையின் குரல், வழக்கமான பணிவோடு: “குன்னூர் கடந்தோம். பள்ளத்தில் காற்று மிதமாக உள்ளது. பள்ளத்து வழி போகலாமா?”

பதில் இல்லை. பூங்கோதை ரேடியோவைக் காதோடு சேர்த்தார். அங்கே ஒரு மனிதர் எடையாக மட்டும் உட்கார்ந்திருந்தார், மூட்டை மாதிரியே.

“நேரம் மிச்சமாகும்,” என்றது மாப்பிள்ளை, மறுப்பு வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு. பழைய கேப்டன்களின் பேச்சிலிருந்து அது பொறுக்கிக்கொண்ட வாசகம். “மூக்கை இறக்குகிறேன்.”

குப்புராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போது ரேடியோவில் கேட்டது. ‘க்கும்.’ கீழே தொடங்கி, கடைசியில் கேள்வி கேட்பதுபோல லேசாக மேலே ஏறிய கனைப்பு.

பிறகு இரைச்சல்.

“மன்னிக்கவும்,” என்றது மாப்பிள்ளை. “கோத்தகிரி வழி.”

வெகுநேரம் கழித்து, அன்னூர்ப் பக்கம், கொசு மாதிரி ஒரு புள்ளி வெயிலில் மின்னிக் கீழே இறங்கியது. சரவணம்பட்டிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

குப்புராஜ் ரேடியோவைப் பார்த்தார், பூங்கோதையைப் பார்த்தார், மறுபடி ரேடியோவைப் பார்த்தார்.

“ஏனுங் மேடம். நீங்க இங்க நிக்கறீங்க. அங்க கனைச்சது யாருங்க?”

பூங்கோதை ரேடியோவை அணைத்துப் பைக்குள் போட்டார். “பத்து வருஷமா கேட்டவர் ஒருத்தர்,” என்றார். “மாப்பிள்ளை மட்டும்தான் கத்துக்கும்னு நெனச்சீங்களா?”

பிறகு கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். குப்புராஜின் கார் கோட்டைத் தாண்டி அடுத்தவர் இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பூங்கோதை அதைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் செய்யவில்லை. கனைக்கக்கூட இல்லை.

குப்புராஜ் சட்டைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே படியிறங்கினார்.